மதுரையிற் பிறந்த கணித மேதை
ஒகஸ்ரஸ் டி மோர்கன்

குருநகர்க் கரையினின்று கடல்மேற் செல்லும் படகுகளுள் எது புயலிற் சிக்கும் என எவராலும் முன்னறிந்து கூறல் இயலாது. ஆயினும், பல்லாண்டுக் கணக்கைத் தொகுத்து நோக்கின், ஓராண்டில் எத்தனை படகுகளுக்கு இடர் நேரக்கூடும் என ஒருவாறு மதிப்பிடலாம். மனிதர் ஆயுளுக்கும் இஃது ஒக்கும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டெழுந்ததே காப்புறுதிக் கணிதம். அதனைப் பல்கலைக்கழகத்திற் பயில விழையும் எம் மாணவர் அறியத்தக்க பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஒகஸ்ரஸ் டி மோர்கன் 1806 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆந் திகதி மதுரையிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனிப் படை அதிகாரி. பிறந்த சில காலத்துள் ஒரு கண்ணின் பார்வையை இழந்த குழந்தை, ஏழாம் மாதத்தில் இங்கிலாந்து சேர்ந்தது. தாயாரின் பாட்டனார் யேம்ஸ் டொட்சன், வயது மிகுந்தவரென ஆயுட்காப்புக் கழகமொன்றினால் விலக்கப்பட்டு, அவரவர் வயதுக்கேற்பக் கட்டணம் கணிக்கும் முறையை வகுத்தவர்.

1823 இல் கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்த டி மோர்கன், 1827 இல் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்றார். மேற்பட்டத்துக்கும் கல்லூரிப் பதவிக்கும் திருச்சபைக் கொள்கையை ஏற்றுக் கையொப்பமிடல் வேண்டும். மனச்சான்று இடந்தராமையின் அவர் மறுத்தார், கதவு அடைபட்டது. ஆயின், சமயச் சோதனையின்றி இலண்டனிற் புதிதாக எழுந்த பல்கலைக்கழகம் 1828 இல், இருபத்தொரு வயதினரான அவரைக் கணிதப் பேராசிரியராக்கிற்று.

தருக்கத்தில் அவர் பெயரால் வழங்கும் விதிகளை எம் மாணவர் அறிவர். ஆயுட்காப்புக்கு நிகழ்தகவு பயன்படுமாற்றை விளக்கி 1838 இல் நூலொன்று இயற்றினார். காப்புறுதிக் கழகங்களுக்கு ஆலோசனையும் வழங்கினார். தில்லி ஆசிரியர் இராமச்சந்திரரின் கணித நூலை 1859 இல் இலண்டனில் வெளிவரச் செய்தவரும் அவரே.

1866 இல், அறிஞரொருவர்க்கு அவர்தம் சமயம் காரணமாகப் பதவி மறுக்கப்பட்டதெனக் கருதி, தாம் நேசித்த கல்லூரியையே துறந்தார். 1871 மார்ச்சு 18 இல் மறைந்தார். மூன்று திங்களுள், பண்டைப் பல்கலைக்கழகங்களின் சமயச் சோதனையை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. அவர் அதனைக் கண்டாரல்லர்.

சமயத்தை விடாது கல்வி பெறுதற்பொருட்டு இந்துக் கல்லூரிகளைக் கண்ட எம் முன்னோர் உள்ளத்துக்கு இவர் அயலாரல்லர். பல்கலைக்கழகம் புக முயலும் மாணவர் கணிதத்தைக் கசடறக் கற்க. புகுந்தபின் மனச்சான்றை விலைபேசாதிருக்க.