நாலு ராஜாவைப் பார்த்த ஒரே அட்வைசர்

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ராஜா செத்தால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. வாரிசு வருவான், ஆட்டம் ஓடும். ஆனா மாசாமாசம் சம்பளம் கொடுத்து லெவல் 5 வரை வளர்த்த அட்வைசர் யுத்தத்துக்கு நடுவில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தால், அன்றைக்கு ராத்திரி அந்த ஆளுக்கு மெஸ் சாப்பாடு இறங்காது. நிர்வாகத்துக்கு ஒருவர், ராஜதந்திரத்துக்கு ஒருவர், படைக்கு ஒருவர். மொத்தம் 3 இடம்தான். கஜானாவில் காசு இல்லையென்றால் அந்த 3 இடமும் காலி.

அந்த கேம் 1444-இல் தொடங்கி 1821-இல் முடியும். மதுரை நாயக்கர் ஆட்சி முழுக்க அதற்குள் அடங்கிவிடும். மதுரையிலும் கிட்டத்தட்ட அதே 3 நாற்காலிகள் இருந்தன: வரவு செலவுக்குப் பிரதானி, படைக்குத் தளவாய், வெளிராஜ்ஜிய விவகாரத்துக்கு ஸ்தானாபதி. ஓலை எழுதும் வேலைக்கு ராயசம் என்று தனியாக ஒருவர். இதில் பிரதானி நாற்காலி, தளவாய் நாற்காலி இரண்டிலும் ஒரே ஆள் உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக நான்கு நாயக்கர்களின் காலத்தைப் பார்த்தார். பெயர் அரியநாத முதலியார். நாம் படிக்கிற இந்தப் போடிநாயக்கனூர் ஒரு பாளையமாக இருந்ததே அவர் போட்ட திட்டத்துக்குள்தான்.

அவர் தெற்கத்திக்காரர் கிடையாது. காஞ்சிபுரம் பக்கம், தொண்டை மண்டலத்தில் மெய்ப்பேடு என்ற ஊர். வசதியில்லாத வேளாளர் குடும்பம் என்றுதான் எல்லாக் கதைகளும் சொல்கின்றன. சின்ன வயதில் அவர் தூங்கும்போது ஒரு பாம்பு படமெடுத்து நிழல் கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. பெரிய ஆள் ஆன எல்லாருக்கும் இந்தப் பாம்பு எங்கிருந்தாவது வந்துவிடுகிறது, அதை விட்டுவிடலாம். அவரிடம் இருந்த சொத்து எழுத்தும் கணக்கும். அதை நம்பி விஜயநகரத்துக்குப் போனார். இன்றைக்கு நாம் ஹம்பி என்று போட்டோ எடுக்கப் போகிற ஊர், அன்றைக்குத் தென்னிந்தியாவின் தலைநகரம். அங்கே கணக்கு வேலையில் தொடங்கி, நாகம நாயக்கர், அவர் மகன் விசுவநாதர் ஆகியோரின் வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

நாகமர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பாண்டியனுக்கு உதவச் சொல்லி ராயர் அவரைப் படையோடு அனுப்பினார். போனவர் மதுரையைத் தானே வைத்துக்கொண்டார். இவனைப் பிடித்து வர யார் இருக்கிறார்கள் என்று ராயர் சபையில் கேட்டபோது எழுந்து நின்றது நாகமரின் சொந்த மகன் விசுவநாதர். அப்பாவைத் தோற்கடித்துக் கட்டி இழுத்து வந்தார். ராயர் அப்பாவை மன்னித்தார், மகனை மதுரைக்கு அனுப்பினார். பழைய வரலாற்றுச் சுவடிகள் சொல்கிற கதை இது. வழக்கமாகக் கொடுக்கப்படும் ஆண்டு 1529. விசுவநாதரோடு வந்தவர் அரியநாதர்.

வந்து பார்த்தால் நிலைமை சுத்தமாகச் சரியில்லை. மதுரைக் கோட்டை பழசு. தெற்கே தென்காசிப் பக்கம் பாண்டிய வம்சத்தார் இன்னும் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கே காவிரிக் கரைக் காடுகளில் திருடர் பயம்; ஸ்ரீரங்கத்துக்கு யாத்திரை போகிறவர்கள் பத்திரமாகத் திரும்புவதே பெரிய விஷயம். உள்ளூரில் அவரவர் ஆட்களோடு அவரவர் தலைவர்கள். இது போதாதென்று, கூடவே வந்த தெலுங்குப் படைத்தலைவர்கள் நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். பணம் வர வரி வேண்டும். வரி வசூலிக்கப் படை வேண்டும். படைக்குச் சம்பளம் வேண்டும். கேமில் இந்தச் சுழலில் மாட்டினால் கடன் வாங்குவோம், அப்புறம் வட்டிக்குக் கடன் வாங்குவோம், அப்புறம் புது ஆட்டம் ஆரம்பிப்போம்.

அரியநாதர் வேறு மாதிரி யோசித்தார். காசு இல்லை, நிலம் இருக்கிறது. நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தலைவர் கையில் கொடுப்பது. கூட வந்த தெலுங்கர்களுக்கும் கிடைத்தது. கன்னடம் பேசியவர்களுக்கும், ஏற்கெனவே இங்கே பலமாக இருந்த மறவர் தலைவர்களுக்கும் கிடைத்தது. எதிரியாக மாறக்கூடிய ஆளையே பங்குதாரர் ஆக்கிவிடுவது. எல்லாம் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு முடிந்த காரியம் என்று நினைக்க வேண்டாம். பல பாளையங்கள் முன்பே இருந்தவை, சில பிறகு சேர்ந்தவை, பட்டியலுக்குப் பட்டியல் பெயர்கள் கொஞ்சம் மாறும். ஆனால் எல்லாரையும் ஒரே கணக்குக்குள் கொண்டு வந்த சட்டகம் அவருடையது.

கணக்கு எளிமையானது. பாளையத்தின் வருமானம் மூன்று பங்கு. ஒன்று மதுரைக்கு, ஒன்று படை வைத்துக்கொள்ள, ஒன்று பாளையக்காரருக்கு. ஒரு பேச்சுக்கு 900 பொன் வருமானம் என்று வையுங்கள். மதுரைக்குப் பார்வைக்கு வருவது 300 தான். ஆனால் 300 பொன் மதிப்புள்ள படை மதுரையின் கஜானாவைத் தொடாமலே தயாராக நிற்கிறது. வசூலிக்க ஆள் அனுப்பும் செலவும் இல்லை, படைக்குத் தானியம் ஏற்றி அனுப்பும் செலவும் இல்லை. மூன்றாவது 300, அந்த ஆள் கலகம் செய்யாமல் இருப்பதற்கான விலை. இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. 900 என்று சொல்கிறவரே பாளையக்காரர்தான். உண்மையில் 1500 வந்தால் மதுரைக்கு எப்படித் தெரியும்?

அந்த ஓட்டையை முழுசாக அடைக்க முடியாது. ஆனால் அரியநாதர் இன்னொரு முடிச்சுப் போட்டார். விசுவநாதர் மதுரையின் பழைய மதிலை இடித்துப் புதிதாகக் கட்டிய கோட்டையில் 72 கொத்தளங்கள். ஒவ்வொரு பாளையக்காரருக்கும் ஒரு கொத்தளம். யுத்தம் வந்தால் அந்தக் கொத்தளத்தைக் காக்க வேண்டியது அவர் பொறுப்பு. மரியாதை என்றும் சொல்லலாம். என் கண்ணுக்கு இது பாதி மரியாதை, பாதி பிணை. மலையடிவாரத்தில் தன் ஊரில் ராஜா மாதிரி இருப்பவருக்கு, தலைநகரத்துச் சுவரில் தன் பெயரில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் மற்ற 71 பேருக்கும் தெரிந்துவிடும்.

இதை மதுரையிலிருந்து பார்ப்பதைவிட நம்ம போடியிலிருந்து பார்த்தால்தான் நன்றாகப் புரியும். மதுரையிலிருந்து இங்கே ரயில் பாதையில் சுமார் 90 கிலோமீட்டர். மாட்டு வண்டி காலத்தில் அது சில நாள் பயணம். மேற்கே ஏலமலை சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் கணவாய்கள் வழியாகச் சேர நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே சரக்கு போய் வந்தது ரொம்பப் பழைய கதை. போடியிலேயே பழங்கால வெள்ளி முத்திரைக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அன்றைக்கு ஏலக்காய் இன்றைக்கு மாதிரி எஸ்டேட் பயிர் இல்லை, காட்டில் விளைந்ததைச் சேகரிப்பது. மலைக்காய்ச்சல் வேறு. இப்படிப்பட்ட ஓரத்தில் மதுரையிலிருந்து ஒரு அதிகாரியைச் சம்பளத்துக்கு உட்கார வைத்தால் ஒன்று ஓடிப்போவார், இல்லை விலைபோவார். இங்கேயே வீடு, நிலம், பிள்ளைகுட்டி என்று வேரூன்றிய ஒருவர்தான் நிற்பார். போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர் என்று மலை ஓரமாக வரிசையாகப் பாளையங்கள் இருந்ததை மேப்பில் புள்ளி வைத்துப் பாருங்கள். கேமில் எல்லை மாகாணங்களில் கோட்டை வைக்கிற அதே வேலை. உத்தமபாளையம் பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயரிலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருப்பதைத் தினமும் படிக்கிறோம்.

பாளையக்காரரின் வேலை சண்டை மட்டும் இல்லை. காவல் உரிமை என்று ஒன்று இருந்தது. தன் எல்லைக்குள் ஊரையும் வழியையும் காக்க அவர் காவல் பணம் வாங்கிக்கொள்வார். அவர் எல்லையில் பொருள் திருட்டுப் போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் நஷ்டத்தைக் கட்ட வேண்டும். இன்ஷூரன்ஸும் போலீஸும் ஒரே கவுண்டரில் என்று வையுங்களேன். பொதி மாடுகளோடு மலை இறங்கும் வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? காவல் பணம் கொடுக்காத ஊருக்கு அந்தக் காவல்காரராலேயே தொல்லை வந்ததும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

மற்ற வேலைகளும் நடந்தன. தஞ்சை நாயக்கருக்கு வல்லத்தைக் கொடுத்துவிட்டுத் திருச்சிராப்பள்ளியை வாங்கிக்கொண்டார்கள். காவிரிக் கரைக் காடுகள் வெட்டப்பட்டு வழி திறந்தது. தெற்கே திருநெல்வேலிச் சீமையில் பஞ்ச பாண்டியர் என்ற ஐந்து பேர் எதிர்த்து நின்றதாகவும், கடைசியில் விசுவநாதர் அவர்களில் ஒருவரோடு ஒற்றைக்கு ஒற்றை மோதி முடித்ததாகவும் சுவடிகள் சொல்கின்றன. தென்காசிப் பாண்டியர்களை அவர்கள் துடைத்தெறியவில்லை. கப்பம் கட்டிக்கொண்டு பட்டத்தோடு இருக்க விட்டார்கள். நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியர் அப்படி இருந்தவர்களில் ஒருவர்தான்.

1564-இல் விசுவநாதர் போய், மகன் கிருஷ்ணப்பர் வந்தார். உடனே ஒரு சோதனை. பரமக்குடிப் பக்கத்தில் தும்பிச்சி நாயக்கர் என்ற பாளையக்காரர் கலகம் செய்தார். பாளைய முறையின் பயங்கரமான பக்கம் இதுதான். நாம் கொடுத்த நிலம், நாம் வைத்துக்கொள்ளச் சொன்ன படை, நம் மேலேயே திரும்புகிறது. இந்த முறை அடக்கிவிட்டார்கள். மற்ற பாளையக்காரர்கள் தும்பிச்சியோடு சேராததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தனித்தனியாக வைத்ததில் அந்த லாபம் இருந்தது.

அடுத்த வருடமே, 1565 ஜனவரியில், தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்தது. மதுரைக்கு மேலே இருந்த பேரரசே ஆட்டம் கண்டுவிட்டது. இந்த இடத்தில் கேம் ஆடும் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் சுதந்திரம் அறிவிக்கிற பட்டனைத்தான் அமுக்குவோம். மதுரை அமுக்கவில்லை. பெனுகொண்டாவுக்கு நகர்ந்துவிட்ட ராயரின் பெயரைக் கல்வெட்டுகளில் தொடர்ந்து பொறித்தார்கள், மரியாதை காட்டினார்கள், அதே நேரத்தில் உள்ளே தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 72 பேரும் மதுரைக்குக் கட்டுப்படுவதற்கான நியாயமே மதுரை ராயருக்குக் கட்டுப்படுகிறது என்பதுதான். மேலே இருக்கிற கண்ணியை நீங்களே அறுத்தால், கீழே இருக்கிறவன் உங்களிடம் கற்றுக்கொள்வான். இதை அரியநாதர்தான் முடிவு செய்தார் என்று காட்ட ஓலை எதுவும் கிடையாது, ஆனால் அந்த நாற்காலியில் அப்போது இருந்தவர் அவர்.

1569-இல் மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைக் கட்டியவரும் அவர்தான். எண்ணிப் பார்த்தால் தூண்கள் 985. கணக்குப்பிள்ளை கட்டிய மண்டபத்தில் 15 குறைகிறது என்று எங்கள் டிபார்ட்மெண்டில் ஒருவன் கிண்டல் செய்தான். அந்த 15 தூணின் இடத்தில் இரண்டு சந்நிதிகள் இருக்கின்றன.

1572-இல் கிருஷ்ணப்பர் போனார். வீரப்பர் வந்து 1595 வரை இருந்தார். அதற்கப்புறம் இரண்டாம் கிருஷ்ணப்பர். அரியநாதர் இறந்தது 1600-இல் என்று சொல்வார்கள். 1529-இல் அவருக்கு 25 வயது என்று வைத்தாலும் 1600-இல் 96. எந்த கேமும் ஒரு அட்வைசருக்கு இவ்வளவு ஆயுள் கொடுக்காது.

அவர் போட்ட முடிச்சு அவருக்குப் பின்னும் நூறு வருடத்துக்கு மேல் தாங்கியது. 1736-இல் ராணி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. மதுரை என்ற மையம் போனபோதும் பாளையங்கள் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தப் படை, சொந்த வருமானம், சொந்தக் கோட்டை இருந்ததால் தலை இல்லாமலே அவை உயிரோடிருந்தன. ஆற்காட்டு நவாபும் பிறகு கும்பெனியும் ஒரே ஒரு ராஜாவைத் தோற்கடித்து நாட்டை எடுத்துக்கொள்ள முடியவில்லை. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர், பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன், நம்ம பக்கத்தில் விருப்பாட்சியில் கோபால் நாயக்கர் என்று ஒவ்வொரு கோட்டையாகப் போய் மோத வேண்டியிருந்தது. தும்பிச்சி காலத்தில் மதுரைக்கு லாபமாக இருந்த அதே தனித்தனி, இப்போது கும்பெனிக்கும் லாபமானது. பாளையக்காரர்கள் சிலர் எதிர்த்தார்கள், சிலர் கும்பெனியோடு நின்றார்கள், 1801-இல் சிலர் ஒன்று சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. மிஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. போடி ஜமீன், 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் காலம் வரை ஓடியது. அரண்மனை இன்றும் ஊருக்குள் இருக்கிறது.

மதுரைக்குப் போகிறவர்கள் இரண்டு இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில் விசுவநாதரில் தொடங்கித் திருமலை வரை 10 நாயக்கர்களும் கைகூப்பி நிற்கிறார்கள். அப்புறம் கோயிலுக்குள் போய் ஆயிரங்கால் மண்டபத்தின் வாசலுக்கு வாருங்கள். அங்கே அரியநாதர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்.