புள்ளி வைத்த நோட்டுப் புத்தகம்

தன் குறைகளுக்குத் தானே கணக்கு எழுதிய பெஞ்சமின் பிராங்க்ளின்

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். அன்று விடுமுறை நாள். வேண்டியவர்கள் அவனுடைய சட்டைப் பை நிறையச் செப்புக் காசு கொடுத்திருந்தார்கள். காசு குலுங்க, பொம்மைக் கடையை நோக்கி ஓடினான் அவன்.

வழியில் வேறொரு பையன் ஊதல் ஊதிக்கொண்டு வந்தான். அந்தச் சத்தம் இவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பையில் இருந்த காசு அத்தனையும் கொடுத்து ஓர் ஊதலை வாங்கிக்கொண்டான். காது செவிடுபட வீடு முழுவதும் ஊதிக்கொண்டு திரிந்தான்.

அண்ணன்மாரும் அக்காமாரும் விலையை விசாரித்தார்கள். நாலு மடங்கு விலை கொடுத்து ஏமாந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள். மீதிக் காசில் என்னென்ன வாங்கியிருக்கலாம் என்று பட்டியலும் போட்டார்கள். சிறுவன் அழுதுவிட்டான். ஊதல் தந்த இன்பத்தைவிட, ஏமாந்த வருத்தமே பெரிதாகிவிட்டது.

எழுபது வயதைக் கடந்த பிறகும் அவன் அந்த அழுகையை மறக்கவில்லை. எதைக் கண்டு ஆசை வந்தாலும், அதற்கு என்ன விலை தகும் என்று யோசித்த பிறகுதான் கையை நீட்டவேண்டும் என்பது அன்று படித்த பாடம். காசுக்கு மட்டும் அல்ல. பொழுதுக்கும், நடத்தைக்கும், கொடுக்கும் கொடைக்கும்கூட அவன் கணக்கு வைத்தான்.

அந்தச் சிறுவன்தான் அமெரிக்க நாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின்.

புத்தாண்டுப் பிறப்பன்று நல்ல தீர்மானம் ஒன்றாவது செய்துகொள்ளாதவர்கள் குறைவு. பொங்கல் வருவதற்குள் அது மறந்துபோகும். செய்துகொண்ட தீர்மானத்தை வாரா வாரம், நாளுக்கு நாள் எப்படிக் காப்பாற்றுவது? அதற்கு ஒரு வழி கண்டவர் பிராங்க்ளின்.

மெழுகுவத்திக் கடை

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். அப்போது அமெரிக்கா இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. தகப்பனார் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்பவர். அவருக்குப் பிள்ளைகள் 17 பேர். அதில் 15-வது குழந்தை பெஞ்சமின்.

இத்தனை பிள்ளைகளையும் படிக்கவைக்க வசதி ஏது? பெஞ்சமின் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்கூட இல்லை. 10 வயதில் கடையில் உட்கார்ந்து திரி நறுக்கினான். 12 வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தான்.

பையனுக்குப் புத்தகப் பைத்தியம். புத்தகம் வாங்கப் பணம் இல்லை. 16 வயதில் மாமிசத்தை விட்டுவிட்டான். தன் சாப்பாட்டுச் செலவில் பாதியை மட்டும் கையில் கொடுத்தால் போதும், தானே பார்த்துக்கொள்வதாக அண்ணனிடம் சொன்னான். அண்ணனுக்குப் பாதி மிச்சம். தம்பியும் அந்தப் பாதியில் பாதியை மிச்சம் பிடித்தான். அந்தக் காசெல்லாம் புத்தகமாக மாறியது.

மூன்று ரொட்டி

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. அண்ணன் அடிப்பார். 1723-ல், 17 வயதில், பெஞ்சமின் யாருக்கும் சொல்லாமல் ஊரைவிட்டுப் புறப்பட்டான். கப்பலிலும், கால்நடையாகவும், படகிலுமாகப் பிலடெல்பியா நகரம் போய்ச் சேர்ந்தான்.

கையில் இருந்தது ஒரு டாலரும் கொஞ்சம் சில்லறையும். பசி. ரொட்டிக் கடையில் மூன்று பென்னி கொடுத்தான். பாஸ்டனைவிட அங்கே ரொட்டி மலிவு. மூன்று பெரிய ரொட்டிகள் கிடைத்தன! இரண்டைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் அந்தக் கோலத்தைப் பார்த்து வேடிக்கையாக நினைத்தாள். பிற்காலத்தில் அவருடைய மனைவியான டெபோரா அவள்தான்.

ஒரு ரொட்டியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. மற்ற இரண்டையும், தன்னோடு படகில் வந்து, இன்னும் தூரம் போகக் காத்திருந்த ஒரு தாய்க்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்துவிட்டான். நாளைய சாப்பாட்டுக்கு வழி தெரியாத நாளில் செய்த தர்மம் அது.

இரு நண்பர்கள்

பிறகு லண்டன் போய் அச்சுத் தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டு 1726-ல் திரும்பினார். 1728-ல் ஒரு கூட்டாளியோடு சொந்த அச்சுக்கூடம் வைத்தார். கூட்டாளியோ குடிகாரர். அவர் தகப்பனார் தருவதாகச் சொன்ன பணமும் முழுவதும் வரவில்லை. கடன்காரர் வழக்குப் போட்டார். அச்சுக்கூடம் ஏலம் போகும் நிலை.

அப்போது இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. இருவருமே, கேட்காமலே, முழுப் பணத்தையும் தருவதாகச் சொன்னார்கள். யார் மனமும் நோகாதபடி ஆளுக்குப் பாதி வாங்கிக்கொண்டார் பிராங்க்ளின். தொழில் பிழைத்தது. கடனையும் அடைத்தார். ஆனால் அந்த உதவியை மட்டும் அடைபட்ட கணக்காக அவர் நினைக்கவே இல்லை.

13 குணங்கள்

வாலிப வயதிலேயே அவருக்கு ஓர் ஆசை எழுந்தது. தப்பே செய்யாத மனிதனாக வாழவேண்டும் என்ற ஆசை. அதற்காக 12 நல்ல குணங்களைப் பட்டியல் போட்டார். அளவாக உண்பது, வீண் பேச்சுப் பேசாமை, ஒழுங்கு, மன உறுதி, சிக்கனம், உழைப்பு, வஞ்சனை இல்லாமை, நீதி, நிதானம், சுத்தம், அமைதி, கற்பு என்பவை அவை.

பட்டியலைப் பார்த்த நண்பர் ஒருவர், முக்கியமான ஒன்று விட்டுப்போனதை எடுத்துக் காட்டினார். பிராங்க்ளின் பேச்சில் கர்வம் அதிகம் என்று ஊரார் நினைப்பதாகவும் சொன்னார். கோபப்படாமல் 13-வதாகப் பணிவைச் சேர்த்துக்கொண்டார் பிராங்க்ளின்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் தயார் செய்தார். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பக்கம். பக்கத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்து, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கட்டம். கீழே 13 குணங்களுக்கும் 13 வரிசை. இரவில் படுக்கும் முன் யோசித்துப் பார்ப்பார். எந்தக் குணத்தில் தவறினாரோ, அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார்.

வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் கருத்தாக இருப்பார். களை எடுக்கிற தோட்டக்காரன் ஒரு பாத்தியை முடித்துவிட்டுத்தானே அடுத்த பாத்திக்குப் போகிறான்? அதுதான் அவர் முறை. 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். வருடத்தில் 52 வாரம். ஆகவே வருடத்துக்கு நாலு சுற்று!

காலையில் எழுந்ததும், அன்று செய்யவேண்டிய நன்மை எது என்று தீர்மானிப்பார். இரவில், செய்த நன்மை எது என்று தம்மையே விசாரிப்பார்.

புள்ளிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விழுந்தன. சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. பிறகு தந்தத் தகடுகளில் கோடு போட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

சாமான்களை அந்தந்த இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் கடைசி வரை அவருக்குக் கைவரவில்லை. கர்வத்தையும் முழுவதும் ஒழிக்க முடியவில்லை. அதை ஒழித்தாலும், ஒழித்துவிட்டோம் என்ற கர்வம் வந்துவிடும் என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டார். நாளடைவில் வேலை பெருகியது. கணக்கு எழுதுவது நின்றது. ஆனால் அந்தச் சிறு புத்தகம் போகும் இடமெல்லாம் அவருடன் போனது. குறையே இல்லாதவராக ஆகாவிட்டாலும், முயற்சி செய்யாமல் இருந்திருந்தால் எப்படி ஆகியிருப்பாரோ அதைவிட நல்லவராக ஆனதாக 78 வயதில் எழுதினார்.

பஞ்சாங்கமும் இடிதாங்கியும்

1732-ம் ஆண்டு முடிவில், வரும் வருடத்துக்கான பஞ்சாங்கம் ஒன்றை அச்சிட்டார். ஏழை ரிச்சர்ட் என்பவர் எழுதுவதாகக் கற்பனை. நாள், கிழமை, சூரியன் உதிக்கும் நேரம் ஆகியவற்றுக்கு இடையே கிடைத்த காலி இடங்களில் சிக்கனம், உழைப்பு பற்றிய பழமொழிகளைச் சேர்த்தார். வேறு புத்தகமே வாங்காத ஏழை வீடுகளிலும் அது நுழைந்தது. 25 வருடம் தொடர்ந்து வந்தது. வருடத்துக்குச் சுமார் 10,000 பிரதிகள் விற்றன.

போதிய பணம் சேர்ந்தது. 42 வயதில் அச்சுக்கூடத்தைக் கூட்டாளியிடம் ஒப்படைத்தார். சும்மா இருப்பதற்காக அல்ல. மனத்துக்குப் பிடித்த காரியங்களைச் செய்வதற்காக! நீச்சல், சதுரங்கம், இசை எல்லாவற்றிலும் அவருக்கு மோகம். கண்ணாடிக் கிண்ணங்களைச் சுழலவிட்டு, ஈர விரலால் தொட்டு வாசிக்கும் ஒரு வாத்தியத்தையே அமைத்தார்.

எல்லாவற்றிலும் பெரிய பொழுதுபோக்கு மின்சாரம். 1752-ல் இடி மேகத்தில் காற்றாடி பறக்கவிட்டு, மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டினார். அது உயிருக்கே ஆபத்தான விளையாட்டு. இதுபோன்ற சோதனையில் அடுத்த வருடமே ரஷ்யாவில் ஒரு விஞ்ஞானி மாண்டுபோனார். அந்தப் பொழுதுபோக்கில் பிறந்ததுதான் கட்டடங்களைக் காக்கும் இடிதாங்கி.

அதற்கு அவர் உரிமைப் பட்டயம் வாங்கவில்லை. குளிர் காயும் புதுவகை அடுப்பு ஒன்றைச் செய்தபோது, கவர்னரே உரிமை தர முன்வந்தார். அதையும் மறுத்துவிட்டார். முன்னோர் கண்டுபிடித்ததை நாம் இலவசமாக அனுபவிக்கிறோம். நம்முடையதைப் பிறர் அனுபவிக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

கொடுப்பதிலும் கணக்கு

ஒருவராகக் கொடுப்பதைவிட ஊரையே கொடுக்க வைப்பது மேல் என்று அவர் கண்டார். 1731-ல் 50 பேரைச் சேர்த்து, ஆளுக்கு 40 ஷில்லிங் போடவைத்துப் பொது நூல்நிலையம் தொடங்கினார்.

1751-ல் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வேண்டியிருந்தது. யோசனை அவருடைய நண்பரான ஒரு டாக்டருடையது. மக்கள் 2,000 பவுன் திரட்டினால், சட்டசபையும் 2,000 பவுன் தரவேண்டும் என்று பிராங்க்ளின் ஏற்பாடு செய்தார். தாம் கொடுக்கும் ஒவ்வொரு காசும் இரண்டாகிறது என்று தெரிந்ததும் மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள்.

1784-ல் அவர் பிரான்சில் தூதராக இருந்தார். கஷ்டத்தில் இருந்த ஒருவருக்கு 10 பொற்காசுக்கான உண்டியல் அனுப்பினார். அதைத் தமக்குத் திருப்பித் தரவேண்டாம் என்றார். நிலைமை சீரான பிறகு, அதேபோலக் கஷ்டப்படும் இன்னொரு நல்லவருக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும். அவரும் அப்படியே செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே பணம் பல வீட்டுக் கண்ணீரைத் துடைக்கட்டும் என்று நினைத்தார்.

பெரிய கறுப்புப் புள்ளி

இவ்வளவு நல்லவர் வாழ்விலும் ஒரு பெரிய கறுப்புப் புள்ளி உண்டு. பல வருடம் அவர் வீட்டில் நீக்ரோ அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. நீதி என்ற குணம் பட்டியலில் இருந்தும், அந்தக் கட்டம் அவர் கண்ணில் படவில்லை.

வயதான பிறகே கண் திறந்தது. 1787-ல் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்துக்குத் தலைவர் ஆனார். 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். அவருடைய கடைசிப் பொதுப்பணிகளில் அது ஒன்று. மனு பலிக்கவில்லை. ஏப்ரல் 17-ந் தேதி, 84 வயதில், அவர் காலமானார்.

200 வருடக் கொடை

உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். பிறந்த ஊரான பாஸ்டனுக்கு 1,000 பவுன். பிழைக்க வந்த ஊரான பிலடெல்பியாவுக்கு 1,000 பவுன். அதை யாரும் செலவு செய்துவிடக் கூடாது. தொழில் கற்று முடித்த, 25 வயதுக்கு உட்பட்ட, கலியாணமான வாலிபர்களுக்குத் தொழில் தொடங்கக் கடனாகத் தரவேண்டும். வட்டி நூற்றுக்கு 5. வருடம் பத்தில் ஒரு பங்காக முதலைத் திருப்பிக் கட்டவேண்டும். 100 வருடம் கழித்து ஒரு பகுதியை ஊர்ப் பணிக்குச் செலவிட்டு, மீதியை இன்னும் 100 வருடம் வளரவிட வேண்டும்.

இதற்குக் காரணத்தையும் உயிலிலேயே எழுதியிருந்தார். வாலிப வயதில் இரு நண்பர்கள் கடன் கொடுத்து உதவினார்களே, அந்த உதவிக்குப் பதில்தான் இது!

கடன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒழுங்காகத் திருப்பவில்லை. ஆனாலும் பணம் வளர்ந்தது. பாஸ்டன் பங்கில் ஒரு தொழிற்கல்விக்கூடம் எழுந்து 1908-ல் திறக்கப்பட்டது. 1990-ல் கெடு முடிந்தபோது, இரண்டு ஊர்ப் பணமும் சேர்ந்து 60 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

ஏழு வயதில் ஊதலுக்குக் காசை வீணாக்கி அழுத சிறுவன், சாகும்போது 200 வருடத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

புத்தாண்டு பிறக்கிறது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில் இருந்தால் போதும். இந்த வாரம் ஒரே ஒரு குணம். புள்ளி விழும், விழட்டும். அடுத்த சுற்றில் ஒரு புள்ளி குறைந்தாலும் அது லாபம்தான்.