மோரிஸ் ஃபிராங்கும் திறவாத கதவுகளும்

சேலம் கடைவீதியிலோ நாமக்கல் பேருந்து நிலையத்திலோ வழிகாட்டி நாயுடன் நடந்து செல்லும் பார்வையற்றவரைக் காண்பது அரிது. வெள்ளைப் பிரம்பும் உடன் வருபவரின் தோளுமே இங்கு துணை. பிறர் தோளை நம்பி வாழ்வதன் வருத்தத்தை நன்கு அறிந்தவர், அமெரிக்காவில் வழிகாட்டி நாய்களுக்கு இடம் பெற்றுத் தந்த மோரிஸ் ஃபிராங்க்.

டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த அவர் பிறந்த ஆண்டு 1908. ஆறு வயதில் குதிரைச் சவாரியின்போது மரக்கிளை மோதி ஒரு கண்ணை இழந்தார். பதினாறாம் வயதில் குத்துச்சண்டை மற்றொன்றையும் பறித்தது. படித்துக்கொண்டே நாஷ்வில் நகரில் காப்பீட்டு முகவராக உழைத்தார். கைபிடித்து அழைத்துச் செல்லச் சிறுவர்களுக்குக் கூலி கொடுத்தார். சிறுவனுக்குச் சலிப்புத் தட்டினால் அன்றைய தொழில் அவ்வளவுதான்.

1927 நவம்பரில் அவருடைய தந்தை ஒரு வார இதழ்க் கட்டுரையைப் படித்துக் காட்டினார். எழுதியவர், ஸ்விட்சர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துவந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. முதல் உலகப்போரில் பார்வையிழந்தோருக்காக ஜெர்மனியில் நாய்கள் பழக்கப்படுவதை அவர் அதில் விவரித்திருந்தார். தமக்கும் ஒரு நாய் வேண்டும், கற்றதைப் பிறருக்கும் கொண்டுசேர்ப்பேன் என ஃபிராங்க் அவருக்குக் கடிதம் எழுதினார். 1928இல் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் அவரைப் பயணியாக அல்ல, ஒப்படைக்க வேண்டிய பொட்டலமாகவே நடத்தினர். அறையில் வைத்துப் பூட்டியதும் உண்டு.

அங்கு கிடைத்த பெண் நாயின் பெயர் கிஸ். முத்தம் எனப் பொருள்படும் பெயரைத் தெருவில் கூவுவதற்குக் கூசிய இளைஞர், அதைப் பட்டி என்று மாற்றினார். ஆங்கிலத்தில் தோழமையைக் குறிக்கும் சொல் அது. மலையாளத்தில் நாய்க்கே அதுதான் பெயர் என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வழிகாட்டி நாய் செல்லுமிடத்தை அறிந்து அழைத்துச் செல்வதில்லை. எத்தனையாவது திருப்பம், எந்தப் பக்கம் என்பதை மனிதரே நினைவில் வைத்துக் கட்டளையிட வேண்டும். பள்ளம், படி, தாழ்ந்த கிளை, வண்டி ஆகியவற்றைத் தவிர்ப்பது நாயின் பொறுப்பு. சேணத்தின் விறைப்பான கைப்பிடி வழியே அதன் அசைவுகள் கைக்கு எட்டும். கட்டளையை மீறவும் நாய் கற்றிருக்க வேண்டும். வண்டி வரும்போது போ என்றாலும் அது நகரக் கூடாது. இப்பயிற்சியின் அருமையே இதுதான்.

1928 ஜூனில் நியூயார்க்கில் இறங்கியதும், செய்தியாளர்கள் பார்த்திருக்க, நெரிசல் மிகுந்த வெஸ்ட் தெருவைப் பட்டியுடன் கடந்தார். வெற்றியை ஒற்றைச் சொல் தந்தியில் யூஸ்டிஸுக்கு அறிவித்தார். மறு ஆண்டே நாஷ்வில்லில் இருவரும் 'சீயிங் ஐ' பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். பின்னர் அது நியூஜெர்சிக்கு மாறியது. அங்கே நாய் தானமாக வழங்கப்படுவதில்லை. முதன்முறை வருபவரிடம் 150 டாலர் பெறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக அத்தொகை மாறவில்லை. உண்மைச் செலவில் அது சிறு பகுதியே எனினும், விலை கொடுத்துப் பெற்றவரின் நிமிர்வு பெரிது.

தெருவைக் கடந்ததைவிடக் கதவுகளைக் கடப்பதே கடினமாயிற்று. விடுதிகளும் உணவகங்களும் நாயை மறுத்தன; ரயில்களில் அதைச் சரக்குப் பெட்டிக்கு அனுப்பச் சொன்னார்கள். ஃபிராங்க் ஊர் ஊராகச் சென்று வாதாடினார். 1935க்குள் அமெரிக்க ரயில்கள் வழிகாட்டி நாய்களைப் பயணியுடனேயே ஏற்றுக்கொண்டன. பட்டி 1938இல் இறந்தது. அடுத்து வந்த நாய்க்கும் அவர் அதே பெயரையே இட்டார்.

நம் சமவெளி நகரங்களில் இன்று ஒரு வழிகாட்டி நாயைக் கொண்டுவந்து விட்டாலும் அதனால் பணிசெய்ய இயலாது. நடைபாதையைக் கடைகளும் இருசக்கர வாகனங்களும் அடைத்துக்கொள்ள, சாலையோரத்தில் லாரிகள் நிற்கின்றன. தெருநாய்க் கூட்டம் சூழ்ந்தால் எந்தப் பயிற்சியும் கலைந்துவிடும். இவை பிரம்புடன் நடப்பவரையும் வருத்துபவைதாம். தடையற்ற பொதுவெளியை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உறுதியளிக்கிறது. நடைபாதையை மீட்கவேண்டியவை உள்ளாட்சி அமைப்புகள். அதற்கு நாய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஃபிராங்க் 1956இல் பள்ளிப் பணியிலிருந்து விலகி, மீண்டும் காப்பீட்டுத் தொழிலுக்கே திரும்பினார். 1980இல் மறைந்தார். நியூஜெர்சியின் மோரிஸ்டவுன் நகரப் பூங்காவில் அவரும் பட்டியும் நடந்துசெல்லும் கோலத்தில் சிலையாக நிற்கின்றனர்.