தினமும் காலையில் கேட்ட அந்த ரேடியோ இசை... போட்டது யார் தெரியுமா? ஹிட்லருக்குத் தப்பி இந்தியா வந்த பியானோ கலைஞரின் கதை!

செல்போன் வராத காலம். புதுச்சேரி குருசுக்குப்பம் மாதிரியான கடலோரக் குப்பங்களில் பொழுது விடிவதே ரேடியோவோடுதான். டிரான்சிஸ்டரைத் திருகினால் முதலில் கரகர சத்தம். பிறகு தம்புரா. அதன் மேல் மெதுவாக எழுந்து வரும் ஒரு வயலின். அது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆல் இந்தியா ரேடியோவின் அடையாள இசை அது. 80களில் பிறந்தவர்கள் வரைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அதை அமைத்தவர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அவர் இந்தியரே இல்லை என்பது இன்னும் ஆச்சரியம்.

யார் இந்த வால்டர் காஃப்மன்?

1907ஆம் ஆண்டு, இன்றைய செக் குடியரசில் இருக்கும் கார்ல்ஸ்பாத் என்ற ஊரில் பிறந்தவர் வால்டர் காஃப்மன். யூதக் குடும்பம். பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கர் என்ற இசையமைப்பாளரிடம் பாடம் படித்தார். பழைய இலக்கணத்தை எல்லாம் உடைத்து ஐரோப்பிய இசை புதுசு புதுசாக முயற்சி செய்துகொண்டிருந்த காலம் அது. பியானோ வாசிப்பார், இசை எழுதுவார், ஆர்கெஸ்ட்ராவை நடத்துவார். இருபது வயதிலேயே எதிர்காலம் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு பிராக் நகரில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வையும் முடித்தார். ஆனால் பட்டத்தை வாங்கவில்லை. காரணம், அவருடைய பேராசிரியர் நாஜி ஆதரவாளர். அப்படிப்பட்டவர் கையால் வரும் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

1933இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதக் கலைஞர்களுக்கு மேடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஏன் இந்தியா?

பெரிய தத்துவக் காரணமெல்லாம் இல்லை. இந்தியாவுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது. அவ்வளவுதான்! கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் 1934இல் பம்பாயில் வந்து இறங்கினார். அப்போது வயது 26.

வந்ததும் இந்திய இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்டார். ஒன்றுமே புரியவில்லை. காதுக்கு முற்றிலும் அந்நியமாக இருந்தது. சராசரி வெள்ளைக்காரராக இருந்திருந்தால் அத்தோடு ஒதுக்கியிருப்பார். காஃப்மன் வேறு மாதிரி யோசித்தார். இதை உருவாக்கியவர்களும் அறிவும் மனசும் உள்ள மனிதர்கள்தானே, இத்தனை பேர் விரும்பிக் கேட்கிறார்கள் என்றால் குறை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். உட்கார்ந்து மாணவனைப் போலப் படிக்க ஆரம்பித்தார்.

பம்பாயில் என்ன செய்தார்?

வந்த சில மாதங்களிலேயே பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கினார். வியாழக்கிழமைதோறும் கச்சேரி. காஃப்மன் பியானோ, மெஹ்லி மேத்தா வயலின். உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர் ஜூபின் மேத்தாவின் அப்பாதான் இந்த மெஹ்லி மேத்தா. மூன்றே ஆண்டுகளில் 130க்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடந்தன.

அதே காலகட்டத்தில் பம்பாய் தாஜ் ஹோட்டலில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ஜாஸ் இசை களை கட்டியது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த இசை ஒரே ஊரில் கலந்துகொண்டிருந்தது.

வயிற்றுப் பிழைப்புக்காக சினிமாவுக்கும் இசையமைத்தார் காஃப்மன். பிறகு ஆல் இந்தியா ரேடியோவின் பம்பாய் நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1946 வரை அங்கேதான் வேலை.

அந்த இசை பிறந்தது எப்படி?

1936 ஜூனில்தான் இந்திய ஒலிபரப்பு சேவைக்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் மாறியது. ஒலிபரப்பு தொடங்கும்போது போட ஓர் அடையாள இசை தேவைப்பட்டது. காஃப்மன், வயலினுக்கும் பியானோவுக்குமாக தான் எழுதியிருந்த ஒரு படைப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. பின்னணியில் தம்புரா. வயலின் வாசித்தது மெஹ்லி மேத்தா என்பது பரவலான நம்பிக்கை. இசையமைப்பாளர் என்று வேறு சிலர் பெயரும் சொல்லப்படுவதுண்டு. ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் கைகாட்டுவது காஃப்மனைத்தான்.

அந்த இசையின் அடிப்படை சிவரஞ்சனி ராகம் என்கிறார்கள். நம் சினிமாவில் சோகம், பிரிவு என்றாலே இசையமைப்பாளர்கள் தேடிப் போகும் அதே ராகம்தான்.

1938இல் சென்னை நிலையமும், 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கின. தமிழ்க் காதுகளுக்கும் அந்த இசை வந்து சேர்ந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சாலையில் எல்லை இருந்தது, சோதனை இருந்தது. வானொலி அலைக்கு ஏது எல்லை?

ஊர் என்ன ஆனது?

1938இல் கார்ல்ஸ்பாத் பகுதியை ஜெர்மனி தன்னோடு இணைத்துக்கொண்டது. காஃப்மன் திரும்பிப் போக நினைத்த ஊரே இல்லாமல் போனது. அவருடைய மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் சகோதரி மகள். காஃப்காவுக்கு மூன்று சகோதரிகள். மூவரையுமே நாஜிகள் கொன்றார்கள். கெர்ட்டியின் அம்மாவும் அதில் ஒருவர்.

சுலபமாகக் கிடைத்த அந்த விசா எதிலிருந்து காப்பாற்றியது என்பது இப்போது புரிகிறதா?

பிறகு எங்கே போனார்?

1946இல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். லண்டனில் கொஞ்ச காலம், பிறகு கனடா. ஹாலிஃபாக்ஸ் நகர இசைப் பள்ளியில் பியானோ துறைத் தலைவர். 1948இல் வின்னிபெக் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் முதல் இசை நடத்துநர். 1957 முதல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

போன இடத்திலும் இந்திய இசையை விடவில்லை. கோண்டு பழங்குடியினரின் பாடல்கள் பற்றி எழுதினார். 1968இல் வட இந்திய ராகங்கள் பற்றி ஒரு பெரிய நூல். 1976இல் தென்னிந்திய ராகங்களுக்காகத் தனியாக ஒரு நூல். 72 மேளகர்த்தா ராகங்களையும், அவற்றிலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்களையும் வரிசைப்படுத்தித் தொகுத்தார். முதன்முதலில் கேட்டபோது ஒன்றுமே புரியாத இசைக்கு 40 ஆண்டுகள் கழித்து அகராதி போட்டுக் கொடுத்த மனிதர்!

1984இல் அமெரிக்காவின் புளூமிங்டன் நகரில் காலமானார். சிம்பொனிகள், ஓபராக்கள் என்று எழுதிக் குவித்தவை பெரும்பாலும் பெட்டியிலேயே தூங்கின. 2020இல்தான் கனடாவின் ஏஆர்சி குழு அவருடைய படைப்புகளில் சிலவற்றை வாசித்து ஒரு தொகுப்பாக வெளியிட்டது. அவர் இறந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு!

அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் கேட்டது அந்தச் சின்னத் துண்டு இசைதான். கோடிக்கணக்கான இந்தியர்கள் அதைக் கேட்டே கண் விழித்தார்கள். ரேடியோவில் ஒருநாளும் அதற்கு முன்னாலோ பின்னாலோ அவர் பெயரைச் சொன்னதில்லை. அடையாள இசைக்கு யார் பெயர் சொல்வார்கள்?

வீட்டுப் பெரியவர்களிடம் யூடியூபில் அந்த இசையைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு நொடியில் அவர்களுக்குப் பழைய காலைப் பொழுது ஞாபகம் வந்துவிடும். அப்போது இந்தப் பெயரையும் சொல்லிவிடுங்கள்: வால்டர் காஃப்மன்.