குருக்களுக்குப் பிரசங்கித்த கன்னியர் மடத் தலைவி



திருச்சபையில் பெண்கள் பேசலாமா, போதிக்கலாமா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததொன்றன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜேர்மனி நாட்டில் ஒரு கன்னியர் மடத் தலைவி, பேராலயக் குருக்களின் முன்னிலையில் நின்று அவர்களுக்கே பிரசங்கம் செய்தார். செப்டெம்பர் 17ஆம் நாள் நாம் நினைவுகூரும் பிங்கன் நகர்ப் புனித ஹில்டெகார்டே அவர்.

1098ஆம் ஆண்டில் றைன் நதிப் பிரதேசத்தில் ஒரு பிரபுக் குடும்பத்தில் இவர் பிறந்தார். சிறுவயது முதலே நோயாளி. பெற்றோர் இவரை இறைவனுக்கென்று நேர்ந்து, யூத்தா என்னும் துறவியிடம் ஒப்படைத்தனர். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கின்படி வாழ்ந்த இவரை, 1136இல் யூத்தா மரித்ததும் சகோதரிகள் தங்கள் தலைவியாகத் தெரிந்தெடுத்தனர்.

குழந்தைப் பருவம் தொட்டே இவர் இறைக்காட்சிகளைக் கண்டு வந்தார். ஆனால் மனிதருக்கு அஞ்சி மௌனமாயிருந்தார். 1141இல், கண்டதை எழுதும்படி இறைவன் கட்டளையிடுவதை உணர்ந்தார். அப்போதும் தயங்கினார், நோயில் விழுந்தார், பின்னரே எழுதத் தொடங்கினார். தம் அறிவையே நம்பி நடக்கவும் அவர் துணியவில்லை. புனித பேர்னாட்டுக்குக் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார். 1147-48இல் திரியர் நகரில் தங்கியிருந்த பாப்பரசர் மூன்றாம் யூஜின், அவருடைய எழுத்துக்களை ஆராய்வித்து, தொடர்ந்து எழுதும்படி ஊக்கமளித்தார்.

அறுபது வயதை அண்டிய பின்னரே அவருடைய பிரசங்கப் பயணங்கள் தொடங்கின. உடல் நலிந்த நிலையிலும் றைன், மைன் நதிக்கரை நகரங்களுக்குச் சென்று போதித்தார். 1160இல் பெந்தெகோஸ்தே திருநாளன்று திரியர் நகரில் பேசினார். கொலோன் நகரில் அவர் சொன்னது குருக்களைச் சுட்டது. மந்தையை மேய்க்க வேண்டியவர்கள் செல்வத்தையும் பெருமையையும் தேடி வாய்மூடி இருப்பதாலேயே மக்கள் தப்பறைகளின் பின்னால் போகிறார்கள் என்று முகத்துக்கு முன்னே எடுத்துரைத்தார்.

அக்குருக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோபித்து அவரைத் துரத்தவில்லை. தாங்கள் கேட்ட அந்தக் கண்டிப்பையே எழுத்தில் அனுப்பிவைக்கும்படி கொலோன் குருக்களும் திரியர் குருக்களும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்!

ஆயினும் அவருடைய மிகக் கடினமான சோதனை எண்பதாவது வயதில் வந்தது. 1178இல் ஒரு பிரபுவின் உடல் அவருடைய மடத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டது. முன்னொரு காலத்தில் அம்மனிதர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஆனால் மரிக்குமுன் பாவமன்னிப்பும் தேவதிரவிய அநுமானங்களும் பெற்றவர். பேராயர் இத்தாலியில் இருந்த வேளையில், மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் உடலைத் தோண்டி எடுத்து வெளியேற்றும்படி கட்டளையிட்டனர். ஹில்டெகார்ட் மறுத்தார். இறைவன் மன்னித்தவரை மனிதர் வெளியே எறியலாகாது என்பதே அவர் நியாயம்.

தண்டனை வந்தது. மடத்தில் பூசையில்லை; நற்கருணையில்லை; பாடலுமில்லை. எழுபதுக்கும் மேற்பட்ட திருப்பாடல்களுக்கு இசையமைத்தவரின் மடம் ஊமையாயிற்று. சங்கீதங்களைக் கதவடைத்துத் தாழ்ந்த குரலில் வாசிக்க மட்டுமே இடமிருந்தது.

இங்கேதான் அவருடைய பெருமையைக் கவனியுங்கள். நியாயமற்றதென்று அறிந்தும் தடைக்கு அவர் கீழ்ப்படிந்தார். ஆனால் மௌனமாய் இருக்கவில்லை. இறைபுகழைத் தக்க காரணமின்றி நிறுத்துவோர் இறைவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். தள்ளாத வயதில் மைன்ஸ் நகருக்கு நேரில் சென்றும் வாதாடினார். பின்னர் பேராயருக்கே முறையிட்டார். 1179 மார்ச்சில் பேராயர் தடையை நீக்கினார். மடத்தில் மீண்டும் பாடல் ஒலித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் ஹில்டெகார்ட் இறைவனடி சேர்ந்தார்.

2012 ஒக்டோபர் 7ஆம் நாள் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராகப் பிரகடனம் செய்தார். அவிலா தெரேசா, சியன்னா கத்தரீன், குழந்தை இயேசுவின் தெரேசா ஆகியோருக்குப் பின் இப்பட்டம் பெற்ற நான்காவது பெண் இவரே.

ஹில்டெகார்ட் குருப்பட்டம் பெற்றவரல்லர், அதைக் கேட்டவருமல்லர். ஆயினும் அவர் வாயிலாக இறைவன் பேசுவதைக் குருக்களும் ஆயர்களும் கண்டுகொண்டார்கள். இன்று நம் வீடுகளில் பிள்ளைக்கு முதற் செபத்தைச் சொல்லிக் கொடுப்பவள் தாய். மறைக்கல்வி வகுப்புகளைத் தாங்கி நிற்போரில் மிகப்பலரும் பெண்களே. அவர்கள் கற்பிக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அவர்கள் நம்மைத் திருத்த வாய் திறந்தால் பொறுப்போமா? கொலோன் குருக்களைப் போல, இன்னொரு முறை சொல்லுங்கள் அம்மா என்று கேட்போமா?

குருக்களாகிய நாங்களே இக்கேள்விக்கு முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.