பஞ்சத்தில் குடும்பத்தை இழந்து, பஞ்சத்தில் வாடியோருக்குப் புகலிடம் தந்த பண்டித ரமாபாய்

இந்தியப் பெண் கல்வி வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவரான பண்டித ரமாபாய், 16 வயதில் பஞ்சத்தில் தந்தையை இழந்தார். தாயும் தமக்கையும் அடுத்தடுத்து மறைந்தனர். 23 வயதில் கைக்குழந்தையுடன் கணவரையும் இழந்தார். தாம் பட்ட துன்பம் ஒவ்வொன்றையும் பிறருக்கு எது தேவை என்று அறிவதற்கான பாடமாக மாற்றிக்கொண்டதே அவரது வாழ்வின் தனிச்சிறப்பு.

இன்றைய கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கங்காமூலா வனப்பகுதியில் 1858 ஏப்ரல் 23 அன்று ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சம்ஸ்கிருத அறிஞர். பெண்களுக்குச் சம்ஸ்கிருதம் கற்பிப்பது தவறு எனக் கருதப்பட்ட காலத்தில், மனைவி லட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்றுத் தந்து உறவினர்களின் எதிர்ப்புக்கு ஆளானவர் அவர். அந்தத் தாயிடமிருந்தே ரமாபாய் சம்ஸ்கிருதம் பயின்றார்.

சொத்துகளை இழந்த குடும்பம், கோயில் கோயிலாகச் சென்று புராணம் வாசித்துக் கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தது. 1870-களில் தென்னிந்தியாவைப் பஞ்சம் தாக்கியபோது அந்த வருவாயும் நின்றது. சாத்திரம் அறிந்த அக்குடும்பத்தினர் எவருக்கும் கைத்தொழில் தெரியாது. கூலி வேலைக்குச் செல்லவோ பிச்சை எடுக்கவோ மனமும் ஒப்பவில்லை. திருப்பதி மலைக் காட்டில் இலைகளையும் காட்டு ஈச்சம்பழங்களையும் உண்டு நாள்களைக் கழித்தனர்.

1874-இல் தந்தை இறந்தார். அடுத்துத் தாய் இறந்தபோது, உடலைச் சுமக்க அந்தணர் இருவர் மட்டுமே முன்வந்தனர். எனவே தமையன் ஸ்ரீனிவாசருடன் ரமாபாயும் தோள் கொடுக்க நேர்ந்தது. உயரம் குறைவு என்பதால், பாடையைத் தலையில் தாங்கியபடியே சுடுகாடு வரை நடந்தார். பின்னர் தமக்கையும் காலராவுக்குப் பலியானார்.

எஞ்சிய இருவரும் ஆண்டுக்கணக்கில் வடக்கு நோக்கி நடந்தனர். போர்த்திக்கொள்ளத் துணியின்றி, பஞ்சாபின் ஜீலம் ஆற்றங்கரையில் மணலில் குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய உடலைப் புதைத்துக் குளிரைத் தாங்கிய இரவுகளும் உண்டு. ஆனால் தாய் தந்த கல்வி மட்டும் உடன் வந்தது. 1878-இல் கொல்கத்தா சென்றடைந்தபோது, ரமாபாயின் சம்ஸ்கிருதப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர்.

1880-இல் தமையனும் காலமானார். அதே ஆண்டில், வேறு சாதியைச் சேர்ந்த வங்க வழக்கறிஞர் விபின் பிகாரி மேதாவியை ரமாபாய் மணந்தார். 1882-இல் காலரா அவரது உயிரையும் பறித்தது. அப்போது மகள் மனோரமாவுக்கு ஒரு வயதுகூட நிறைவடையவில்லை.

கைம்பெண் வீட்டுக்குள் முடங்க வேண்டும் என்பது அன்றைய நியதி. ரமாபாயோ அதே ஆண்டில் புனே சென்று ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவினார். கல்வி குறித்து ஆராய அமைக்கப்பட்ட ஹண்டர் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்து, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என வலியுறுத்தினார். 1883-இல் இங்கிலாந்து சென்றவர் அங்குக் கிறிஸ்தவத்தைத் தழுவினார். பின்னர் அமெரிக்கா சென்று, இந்தியக் கைம்பெண்களின் நிலையை விளக்கி 1887-இல் நூல் வெளியிட்டு, பள்ளி தொடங்க நிதி திரட்டினார்.

1889 மார்ச் 11 அன்று மும்பையில் சாரதா சதன் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு புனேவுக்கு மாறியது. இளம் கைம்பெண்கள் தலைமுடி களையாமல், படித்துத் தம் காலில் நிற்க வழி செய்த இல்லம் அது. அதன் முதல் மாணவியரில் ஒருவரான கோதுபாயைத்தான், பிற்காலத்தில் மகளிர் பல்கலைக்கழகம் நிறுவிய தோண்டோ கேசவ் கார்வே 1893-இல் மறுமணம் செய்துகொண்டார்.

அதே ஆண்டில் இல்லம் கடும் சோதனையைச் சந்தித்தது. மாணவியர் மதமாற்றத்துக்கு ஈர்க்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழ, ஆலோசகர்களாக இருந்த ரானடே, பண்டார்கர் போன்றோர் விலகினர். பெற்றோர் பலர் மகள்களை அழைத்துச் சென்றனர். எஞ்சியவர்களைக் கொண்டு ரமாபாய் பணியைத் தொடர்ந்தார்.

1896-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் சூழ்ந்தபோது, பசியின் முகம் நன்கு தெரிந்த அவரால் புனேயில் இருக்க இயலவில்லை. நேரில் சென்று சுமார் 300 பெண்களையும் சிறுமியரையும் மீட்டு வந்தார். அவர்களுக்காகப் புனே அருகே கேட்காவில் உருவானதே முக்தி இல்லம்.

படிப்பு மட்டும் இருந்து தொழில் தெரியாததால் தம் குடும்பம் அழிந்ததை அவர் மறக்கவில்லை. முக்தியில் எழுத்துடன் நெசவு, அச்சுத் தொழில், வேளாண்மை, பால் பண்ணை வேலை ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. பார்வையற்ற பெண்களுக்கு பிரெய்ல் முறையில் கல்வி அளிக்கப்பட்டது.

1921-இல் மகள் மனோரமா மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று, 64-ஆவது வயதை எட்டச் சில நாள்களே இருந்த நிலையில் ரமாபாய் காலமானார். 1989-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர் நிறுவிய முக்தி இல்லம், ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நூறு ஆண்டுகளைக் கடந்தும் புகலிடமாக விளங்குகிறது.