இருந்த ஊரிற் கற்பார்க்குத் துணைநின்ற அரங்கநாதனார்

இற்றைநாளில், கோட்டக்குப்பம் போன்ற கடற்கரை ஊரில் இருந்துகொண்டே, 2002-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திற் பெயர் பதிந்து பட்டத்திற்குப் பயிலல் கூடும். பாடநூல் வீடு வந்து சேரும். ஆயின் ஐயம் எழுந்துழித் தீர்ப்பாரும், பாடநூற்கு அப்பாற்பட்ட நூலை எடுத்து உதவுவாரும் அருகில் இல்லாமையே அத்தகையார்க்கு உற்ற இடர். ஆசிரியரைப் பிரிந்து தனித்துக் கற்பார்க்கு நூலகமே துணையெனத் தெளிந்து, அப்பணிக்கே தம்மை ஈந்த சீர்காழி இராமாமிருத அரங்கநாதனாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவர் 1892-இல் சீர்காழியிற் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று 1916-இல் முதுகலைப் பட்டம் எய்தினார். நாவிலே திக்கல் இருந்தும் ஆசிரியத் தொழிலையே விரும்பி, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய நகரங்களின் அரசினர் கல்லூரிகளிற் கணிதம் கற்பித்தார்.

1924-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தார். சின்னாளிலேயே வெறுப்புத் தட்டியது. வருவார் இல்லை, வினவுவார் இல்லை. மாணவர் நிறைந்த வகுப்பறையை விட்டு இவ்வெறுமையில் வந்து சிக்கினோமே என வருந்தி, பழைய வேலையைத் திரும்ப அளிக்குமாறு கல்லூரித் தலைவரிடம் சென்று வேண்டினார். இலண்டன் சென்று பயின்று மீண்ட பின்னரும் மனம் மாறாதாயின் அவ்வாறே செய்யலாம் என்று அவர் கூறியனுப்பினார். அன்றே அவர் இசைந்திருப்பின், நாட்டிற்கு மற்றுமொரு நல்ல கணித ஆசிரியரே கிடைத்திருப்பார் என்பது எம் கருத்து.

இலண்டனிற் கண்ட காட்சி அவர் உள்ளத்தைத் திருப்பிற்று. ஆங்குள்ள நூலகங்களிலே சிறுவரும் தொழிலாளரும் பெண்டிரும் உரிமையோடு புகுந்து நூல் எடுத்துச் செல்லக் கண்டார். 1925-இல் தாயகம் மீளுங்கால், கப்பலில் இருந்த நூல்களையும் அவர் விட்டுவைத்திலர்; தாம் கண்ட புதுமுறைப்படி அவற்றை வகைப்படுத்தியே ஓய்ந்தார்!

சென்னையில் நூலடுக்குகளைத் திறந்துவிட்டு, வாசகர் தாமே சென்று தேடி எடுக்கச் செய்தார். நூல் தேடுவார்க்கு வழிகாட்டுதலையே தொழிலாகக் கொண்ட பணியாளரையும் அமர்த்தினார். நூலகத்தினுள்ளும் ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தின் செயலே இது. 1928-இற் சென்னை நூலகச் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. நகரத்தார்க்கு இவ்வளவும் ஆயிற்று. சிற்றூரார் என் செய்வர்? 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியிற் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியொன்றை நூலகமாக அமைத்து ஊர்தோறும் செலுத்தினார். அரங்கநாதனார் அதற்கு ஊக்கமளித்தார். வாசகன் வாராவிடின் நூல் அவனிடம் செல்க என்பதே அவ்வண்டியின் பொருள். நூலக இயலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்டதும் அவ்வாண்டே.

வண்டி நிலையாது, சட்டமே நிலைக்கும் என்பதனை அவர் நன்கு அறிந்திருந்தார். பல்லாண்டு வாதாடியதன் பயனாக 1948-இற் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பெற்று, மாவட்டந்தோறும் கிளை நூலகங்கள் பரவின.

1956-இல் தம் வாழ்நாட் சேமிப்பாகிய நூறாயிரம் ரூபாயை, நூலகக் கல்விக்கெனச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஈந்தார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் அவர் இயற்கை எய்தினார்.